அம்மை குத்தின பப்பாளி

என் பெயர் சேவுகப்பெருமாள், தகப்பனார் பெயர் ஐயனார், வயது 54. நாச்சியாபுரத்தில் குடியிருந்து பப்பாளி விவசாயம் செய்து வருகிறேன். இதையே மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். அலுத்துவிட்டது, இருந்தாலும் போலீஸார் விசாரித்ததால் சொல்கிறேன்.

என் தோட்டத்தை ஒட்டிய வேலிக்குள் ஒரு விதைக் கம்பெனியார் சோதனைப் பப்பாளி வைத்தார்கள். வளையப்புள்ளி வைரஸின் ஒரு துண்டைச் செடிக்குள்ளேயே சேர்த்திருப்பதாகவும், அதனால் அந்த நோய் அண்டாது என்றும் கம்பெனி அதிகாரி சந்திரலேகா எங்களுக்கு விளக்கினார். புரியட்டும் என்று, ‘அம்மை குத்தின செடி’ என்றார். அந்தச் சொல்தான் வினையாய்ப் போனது.

அதன் பின்னர் கார்த்திகையில் ஒரு செடியில் இலை சுருண்டு புள்ளி விழுந்தது. புள்ளி கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது உத்தரவு. காவலுக்கிருந்த வீரலட்சுமியோ, அம்மை குத்தினால் லேசாக முத்துப் போடத்தானே செய்யும் என்று எண்ணி, வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, யாரையும் அண்டவிடாமல் வைத்திருந்தார். வேலியோரம் நின்று நான் கேட்டதற்கு, “அங்குட்டே நில்லுங்கண்ணே, ஆத்தா இருக்கா” என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம்.

அதன் பின்னர் சந்திரலேகாவுக்குப் போன் செய்தேன். வந்து பார்த்தவர் முகம் வாடிவிட்டது. பக்கத்துப் பூசணிக் கொடியிலிருந்து அசுவினிப் பூச்சி வேறொரு வைரஸைக் கொண்டுவந்திருக்கலாம் என்றும், அது செடிக்குள் இருக்கும் துண்டோடு கலந்து புதிதாக ஒன்று உருவாகலாம், உருவாகாமலும் போகலாம் என்றும் சொன்னார். இலை எடுத்துச் சோதிக்க மேலிடத்து அனுமதி வேண்டுமாம். “அதுவரைக்கும் யாரும் தொடாதீக” என்றார். வீரலட்சுமி சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

அதன் பின்னர் அனுமதி வருவதாயில்லை. என் மரங்கள் காய்ப்பில் நின்றன. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வேலியைப் பிரித்து உள்ளே போய், அவ்வளவு செடிகளையும் வெட்டிப் போட்டு நான்தான் கொளுத்தினேன். வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை.

அதன் பின்னர் நேற்று என் மரத்துக் காயில் வளையம் கண்டேன். பழைய நோயா, அங்கிருந்து வந்த புதியதா என்று சந்திரலேகாவிடம் கேட்டேன். “ஒப்பிட்டுப் பாக்க அந்தச் செடி வேணுமேண்ணே” என்றார்.

அந்தக் காயைக் கொண்டுவந்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். இதையாவது யாரும் கொளுத்திவிட வேண்டாம்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்)
ஐ. சேவுகப்பெருமாள்