மாட்டுச்சாளை வரை எட்டிய வைஃபை

வைஃபை பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை. டிவிக்குப் பின்னால் திணித்துவிட்டு, நெட் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். எனக்கு ரசாக் சொல்லிக்கொடுத்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடித் தோட்டங்களுக்கெல்லாம் நெட் போடுகிறவன் அவன்தான். பெட்டிக்கு இரண்டு அலைவரிசையாம். இரண்டு புள்ளி நாலு மெதுவானது, ஆனால் சுவர் தாண்டி வெகுதூரம் போகும். ஐந்து வேகமானது, இரண்டு சுவர் குறுக்கே வந்தால் படுத்துவிடும். இரும்பு பீரோவும் மீன்தொட்டித் தண்ணீரும் இரண்டுக்குமே ஆகாது.

அந்த மெதுவான அலையில்தான் இனியா பிளஸ் டூ படித்தாள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் ஐயாசாமியின் மகள். அங்கே செல்போனில் டவர் எடுக்காது. வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் சாளைக் கல்லில் உட்கார்ந்தால் எங்கள் வைஃபை கிடைக்கும். பாஸ்வேர்டை நானேதான் கொடுத்தேன். நாங்கள் வித்தியாசம் பார்க்கிறவர்கள் இல்லை. தனி டம்ளரெல்லாம் எப்போதோ விட்டுவிட்டோம், இப்போது பேப்பர் கப்தான்.

என் மகள் நந்திதாவுக்கும் அவளுக்கும் கவுன்சலிங்கில் ஈரோட்டுப் பக்கம் ஒரே காலேஜ், ஒரே பாடம் கிடைத்தது. அதுவரை சந்தோஷம்தான். பிறகு நந்திதா, "ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் ஒரே ரூம் எடுத்துக்கறோம்மா" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள். பெற்றவள் யோசிக்க வேண்டுமா இல்லையா?

கிடைத்த இடத்தை ஏற்கிறேன் என்று இணையத்தில் அழுத்த வேண்டும். நந்திதா முதல் நாளே அழுத்திவிட்டாள். ஐயாசாமி மகளை வெளியூர் அனுப்பச் சம்மதிக்கவே கடைசி நாள் ஆகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். மத்தியானம் இனியா பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினாள். நான்தான் நிறுத்தினேன். "எதுக்கு கண்ணு வெயில்ல அலையறே? சாப்புட்டுப்போட்டு வந்து நம்ம சாளைல உக்காந்து போட்டுக்க" என்றேன்.

அவள் சாப்பிட்டு வருவதற்குள், ரசாக் காட்டிய மாதிரியே இரண்டு புள்ளி நாலை அணைத்தேன். பெட்டியை பீரோவுக்கும் மீன்தொட்டிக்கும் நடுவில் வைத்தேன். நந்திதாவும் அவள் அப்பாவும் ஹாஸ்டலுக்குத் தலையணை வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார்கள்.

"ஏனுங்கம்மா, ஒரு கோடு காட்டுதுங்க, ஆனா ஏற மாட்டேங்குதுங்க" என்றாள் இனியா, வாசலில் நின்றபடி. கரண்ட் விட்டுவிட்டு வருகிறது, கொஞ்சம் பொறு என்றேன். மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கட்டுமா என்று கேட்டாள். இதோ வந்துவிடும் என்று சொல்லிக் காபி கொடுத்தேன். அதற்குமேல் நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது.

மணி ஐந்தடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். அவள் போனில் கோடு முழுதாக ஏறியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "பரவால்லைங்கம்மா, வாரேனுங்க" என்று போய்விட்டாள்.

தெரிந்தேதான் செய்தேன். ஆனால் முகத்தில் அடித்தாற்போல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை.

மகள் கேட்டால் சொல்ல கரண்ட், மலை, இனியாவின் பழைய போன் என்று காரணங்கள் தயாராக இருந்தன. இரவு திரும்பி வந்து விஷயம் தெரிந்த நந்திதா, நெட் ஏன் வரவில்லை என்றே கேட்கவில்லை. "பொட்டிகிட்ட உக்காந்தா ஒரு நிமிச வேலைம்மா. அவளை ஏன் ஹாலுக்குள்ள கூப்புடல?" என்றாள்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஹாலுக்குள்ளயா கண்ணு?" என்றேன்.