மலைக்கு ஓட வேண்டிய மருமகள்

"ஹலோ… ஹலோ… ஆரு, ஜெயசிங் சம்மந்தியா?… நான்தான், உபதேசியார் ஞானையன்… ஞா-னை-யன்… ஆமா, நாகர்கோவில்லயிருந்து. கோட்டாத்துல தாணுலிங்கம் பிள்ளைக்க அரிசிக் கடையில போன் இருக்கு… ஆமா, ஆமா, எல்லாரும் சொகந்தான். நீரு சொகமா?… ஸ்தோத்திரம்."

ஞானையன் தொலைபேசியில் பேசுவது இதுதான் முதல் தடவை. காதில் வைக்கும் குழலை ஒரு கையாலும், வாய் வைத்துப் பேசும் பாகத்தை மறு கையாலும், மருந்துக் குப்பியைப் போலப் பிடித்திருந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவர் மகள் நேசபாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்று சந்தை நாள். அரிசி வாங்க நின்றவர்களில் பாதிப் பேர் அவருடைய சபையார்.

"விசயத்துக்கு வாறேன், சம்மந்தி. நேசத்துக்கும் உம்ம மகனுக்கும் கல்யாண ஓலை ரெண்டு ஞாயிறு கோவில்ல வாசிச்சாச்சு. மூணாவது வாசிச்சாத்தான் போதகர் ஐயரு கல்யாணம் நடத்துவாரு. அதை வாசிக்காண்டாம்னு நீரு ஆளனுப்பினீராமே… இல்ல, நான் கோவப்படல்ல. காரணம் கேக்குதேன், அவ்வளவுதான்… பெண்ணுல குறையா?… இல்லியா… பையனுக்கு மனசில்லியா?… அவனுக்கும் உண்டா. பின்ன என்னவாக்கும்?"

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் முதலில் தெளிந்தது. பிறகு வெளிறியது.

"என் பிரசங்கமா?"

சித்திரையில் நடந்த சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் அவர் பெரிய துணியில் வேதத்தில் வரும் தலை பல கொண்ட மிருகங்களை வரைந்து தொங்கவிட்டு, கம்பால் தொட்டுத் தொட்டுக் கணக்குச் சொல்லியிருந்தார். இத்தாலிக்காரன் அபிசீனியாவுக்குள் நுழைந்ததும் அந்தக் கணக்கில் அடங்கியது. வருகிற கிறிஸ்துமஸுக்கு முன்னால் உலகம் முடிந்து கர்த்தர் வந்துவிடுவார் என்று முடித்தபோது கூட்டம் அழுதது. அதற்குப் பிறகு ஊரில் பக்கத்து வீட்டுத் தேங்காய் இந்தப் பக்கம் விழுந்தால்கூட எடுத்துப் போய்க் கொடுத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயசிங், மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே அழுதார்.

"மனந்திரும்பினது நல்லது, சம்மந்தி. நான் வேண்டாம்னு சொல்லுவேனா… ஆபீசுல எடுத்த பென்சிலை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டீரா… ரப்பரையுமா… நல்லது. துரை என்ன சொன்னாரு?… இத்தனை பென்சிலு எப்பிடி வீட்டுக்குப் போச்சுன்னு கேட்டாரா… பரிசுத்தத்துக்கு அப்பிடி ஒரு பாடு உண்டும்… ராத்திரி வெள்ளை உடுத்துத்தான் படுக்கீரா… கதவுக்குத் தாழ்ப்பாளும் போடதில்லியா… அது, தாழ்ப்பாளு போடலாம், சம்மந்தி. கர்த்தருக்கு அது தடையில்ல… சரி, சரி. அதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன?"

கடையில் பேச்சு குறைந்திருந்தது. தாணுலிங்கம் பிள்ளை ஒரு கை அரிசியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கல்லே கிடையாது.

"ஆவணியில கெட்டினா?… ம்… கிறிஸ்மசுக்குள்ள?… சம்மந்தி, இதெல்லாம் போன்ல பேசுத காரியமா?… சரி, இருக்கும்னே வையும். கர்த்தர் குடுத்தா இருக்கும். அதுக்கு?… ஆமா. பிள்ளைத்தாச்சிகளுக்கு அந்த நாளு கஷ்டம்னு வேதத்துல உண்டு. நான் சொன்னேன்… அழுத்தித்தான் சொன்னேன்."

நேசபாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அந்த நாளுல மலைக்கு ஓடணும்னுதான் சொன்னேன். எந்த மலைன்னு நான் சொல்லல்லியே… மருத்துவாமலையா? அது இங்க எங்க பக்கத்துலயாக்கும். நீரு இருக்கது திருவனந்தபுரத்துல. அங்கயிருந்து மருத்துவாமலைக்கு ஓட, வயித்துல பிள்ளை இல்லாதவனாலயும் ஒக்காதே… பஸ்ஸுலயா… ஓ, கொட்டாரத்துல பஸ் விட்டு இறங்கி, அதுக்குப் பெறகுதான் ஓடணுமா… ஏற வழி உண்டான்னு போய்ப் பாத்துட்டும் வந்தீரா… நல்லது… வழி குத்தனையா இருக்கா. ஆமா, மலையாக்கும்லா."

அவர் குழலைத் தோளில் துடைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார்.

"என்னது?… கிறிஸ்மசுக்கு முந்தி வருவாருன்னு தெரிஞ்சவன் ஏன் மகளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சேன்னா… பெண்ணைப் பெத்தவனாக்கும் நான். எனக்கு ரெண்டு கணக்கு உண்டும்… இல்ல, இல்ல, வேதத்துல ரெண்டு கணக்கு இல்ல… சம்மந்தி, கேளும். ரெண்டு ஓலை வாசிச்சுட்டு நிப்பாட்டினா ஊர்ல என்ன நினைப்பாவ? பிள்ளைக்கு ஏதோ தோஷம்னு நினைப்பாவ. பெறகு ஆரு வந்து கேப்பா அவளை?… கர்த்தர் வந்துட்டா ஆரும் கேக்காண்டாம், செரிதான். வராட்டா?"

மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவர் குழலைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒண்ணு செய்யுவோம். நாளைக்கே புறப்பட்டு வாறேன். நேர்ல உக்காந்து பேசி ஜெபிப்போம்… நாளைக்கு ஒழியாதா? ஏன்?… தோட்டத்துலயா, என்ன வேலை?… தென்னம்பிள்ளை நடவா."

ஞானையன் நிமிர்ந்தார்.

"சம்மந்தி, தென்னை காய்க்க எத்தனை வருசம் செல்லும்?… இல்ல, சும்மாதான் கேட்டேன். அதுல இளநி குடிக்கப் போறது ஆரு? அந்த மிருகமா?… கோவப்படாதியும்… என் வீட்டு ஓடா? அது ஆரு சொன்னா உமக்கு?… இப்பம்தான் மேய்ஞ்சேன். கொல்லத்து ஓடுதான்… மழை ஒழுகிச்சு, சம்மந்தி… ஆமா. கிறிஸ்மசு வரைக்கும் பழைய கூரையே தாங்கியிருக்கும். வாஸ்தவந்தான்."

கம்பிக்குள் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்லணும்?… கணக்குத் தப்புன்னா?… அது நான் எப்பிடி… உம்மகிட்ட மட்டும் சொன்னா போருமா?… சொன்னா ஓலை வாசிக்கலாமா? கண்டிப்பா?"

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். சபையார் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேசபாய் மட்டும் சுவரை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள். ஞானையன் பேசும் பாகத்தை ஒரு மூட்டை மேல் வைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அதன் பக்கம் குனிந்தார்.

"தப்பு… தப்புன்னேன்… கேக்கல்லியா?… கணக்கு… கணக்கு தப்பு… என்ன, இரையுதா? இங்கயும் இரையுது… இதுக்கு மேல சத்தமா எப்பிடி… எழுதி அனுப்பட்டுமா?… அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை போயிருமே."

அவர் பொத்திய கையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கன்வென்ஷன் பந்தலில் கடைசி வரிசைக்கும் எட்டிய அதே குரல் வெளியே வந்தது.

"நான் சொன்ன கணக்குத் தப்பு. கிறிஸ்மசுக்கு முந்தி வருவாருன்னு நான் சொன்னது தப்பு."

மரக்காலில் அரிசி அளந்துகொண்டிருந்தவன் கை நின்றது. யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அது துக்கமா நிம்மதியா என்று சொல்ல முடியாது.

"இப்பம் கேட்டுதா?… ம். கோட்டாறு முழுக்கக் கேட்டிருக்கும்… சரி… சரி, சம்மந்தி… அப்பம் இந்த ஞாயிறே மூணாவது ஓலை. ஐயருக்கு நீரே ஆளனுப்பி சொல்லிரும்… ஸ்தோத்திரம்… இல்ல, அழல்ல. மூக்குத் தடுமம்… என்னது?… பின்ன எப்பம் வருவாருன்னா?"

பழக்கதோஷத்தில் அவர் விரல் காற்றில் எழும்பியது. எதிரே துணியும் மிருகமும் இல்லை. நேசபாய் நின்றாள்.

"அது வந்து… தெரியாது… தெரியாதுன்னேன்… ஆமா, உபதேசியாருக்குத்தான் தெரியாது… ராத்திரி வருவாரோ, பகல்ல வருவாரோ… கல்யாணத்து அன்னைக்கு வந்தாலும் வரட்டும், சம்மந்தி. பந்தியில ஒரு இலை கூடப் போடுவோம்… ஹலோ?… ஹலோ…"