‘லைன் எடுத்தாச்சா’ என்று நான் கேட்டது பற்றி

மேலே பதிவில் காணும் பெயரும் கதவு எண்ணும் என்னுடையவை. வயது நாற்பத்தேழு. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மேற்படி முகவரியில் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் பெயர்ப்பலகைக் கடை வைத்து, பித்தளைத் தகட்டிலும் மரத்திலும் எழுத்து வெட்டிக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். மருத்துவமனையிலிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். தூக்கம் குறைவு, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது.

எனக்கு வலது மணிக்கட்டில் நெடுநாளாக வலி உண்டு. காலையில் உளியைப் பிடித்தால் சாயங்காலம் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாது. இப்படியே போனால் கை உதவாமல் போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகுதான், கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால் தானே செதுக்கும் சிறிய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஒன்றை பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். கடையில் அதற்கு இடம் போதாது. மோட்டார், தண்டவாளம் போன்ற இரும்புகள், திருகுத் தண்டுகள், மின்பெட்டி எல்லாம் தனித்தனி அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தன. அவற்றை வீட்டின் பின்னறையில் அடுக்கி வைத்தேன். முன்பு அந்த அறையில் துணி துவைப்பார்கள். சுவரில் பழைய தண்ணீர் ஹீட்டருக்கான இணைப்புப் பெட்டி ஒன்று புடைத்துக்கொண்டு இருந்தது. ஹீட்டர் எப்போதோ போய்விட்டது.

என் தம்பி தச்சு வேலை செய்பவன். இரண்டு தெரு தள்ளி மனைவியுடன் குடியிருக்கிறான். மெஷினைச் சுற்றி ஒரு கூண்டு செய்து தருவதாக அவனே முன்வந்தான். மெஷின் ஓடும்போது பித்தளைத் துகள் ஊசி ஊசியாகத் தெறிக்கும், வெட்டும் முனை ஒடிந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஆகையால் கூண்டு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது என்று நானும் அவனும் பேசி வைத்திருந்தோம். என்னைவிட அவன்தான் அதிகம் பயந்தான். “உனக்குக் கண்ணு போச்சுன்னா ஊர்ல எல்லார் பேரும் கோணலாத்தான்க்கா இருக்கும்” என்றான். தடித்த பிளைவுட்டில் பெட்டி அடித்து, முன்பக்கத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் கெட்டி பிளாஸ்டிக் தகட்டில் கதவு வைத்து, கதவைத் திறந்தால் மோட்டார் நின்றுபோகும்படி ஒரு சுவிட்சுக்கும் இடம் விட்டிருந்தான். மெஷின் பக்கத்தில் கையுறை, வளையல், துப்பட்டா எதுவும் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டான். சுற்றும் முனையில் துணி மாட்டினால் துணியோடு நிற்காது, கையையும் சேர்த்து இழுக்கும் என்று அவன் பட்டறையில் நடந்ததைச் சொன்னான்.

அதன் பிறகு அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பெட்டியின் இடது வெளிப்பக்கத்தில் பொருத்தினான். என் வலது கையை நம்ப முடியாது என்பதால் இடது பக்கம். வயர் இன்னும் கொடுக்கவில்லை. ஆனாலும் பழக வேண்டும் என்று என்னைப் பெட்டி முன்னால் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, பேச்சுக்கு நடுவில் திடீரென்று “கை” என்பான். நான் இடது கையால் பொத்தானை அடிக்க வேண்டும். தவறினால், “போச்சு, அம்மாவுக்கு ஃபோன் பண்ணு” என்பான். எங்கள் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. இதெல்லாம் விளையாட்டாகத்தான் நடந்தது. சில நாளில் நான் தவறாமல் அடிக்கக் கற்றுக்கொண்டேன்.

மின்சார வேலைக்கு எங்கள் கட்டடத்திலேயே மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனை ஏற்பாடு செய்தேன். அவருக்கு அறுபது வயது இருக்கலாம். முறையான உரிமம் வைத்திருப்பவர். அவரை ‘மீட்டர்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வாயைத் திறந்தால் மீட்டர் ஓடி பில் ஏறிவிடும் என்பதுபோல அளந்து பேசுவதால் வந்த பெயர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் கடை விளக்குப் பலகைக்கும் அவர்தான் இணைப்புக் கொடுத்தார். அந்த வேலையில் இதுவரை ஒரு குறை இல்லை.

அவர் வந்து பின்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஹீட்டருக்குப் போகும் வயர் மிகப் பழையது, அதைத் துண்டித்துவிட வேண்டும் என்றார். மெஷினுக்கு மெயின் போர்டிலிருந்து நேராகப் புதிய வயர் கொண்டுவந்து, கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்சை அதில் வைக்க வேண்டும், இரும்பு மேசைக்கு எர்த் கொடுக்காமல் மோட்டாரை மாட்டக் கூடாது என்றும் சொன்னார். இதில் எது முதல், எது கடைசி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சம்பவத்தன்று காலையில் நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “அண்ணே, மெஷினுக்குத் தனியா ஒரு லைன் எடுக்கணும்னீங்களே, இன்னிக்கு முடியுமா” என்று கேட்டேன். தலையாட்டினார். அதன் பிறகு அவர் கீழே வந்து, வாசல் பக்கம் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். தம்பியும் வந்து பின்னறையில் கூண்டின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் அதிராமல் இருக்க இரும்பு மேசையைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். ஆனால் ஹீட்டர் பெட்டி இடித்ததால் மேசை சுவரை ஒட்டவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றி வயரை வெட்டினால்தான் மேசை உள்ளே போகும் என்றான். எலக்ட்ரீஷியன் புதிய வயரைப் பின்னறை வரை இழுத்து, மேசைக்காலில் எர்த் வயரை முடுக்கிவிட்டு, மீண்டும் வாசலுக்குப் போனார். சிறிது நேரத்தில் சமையலறை மின்விசிறி சுற்றத் தொடங்கியதைப் பார்த்தேன். வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது, ஹீட்டர் வயரை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகு தம்பி, “கேளுக்கா, இதை வெட்டலாமான்னு” என்றான். நான் பின்னறைக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ள நடையில் நின்றுகொண்டு, வாசல் பக்கம் பார்த்து, “அண்ணே, லைன் எடுத்தாச்சா?” என்று கேட்டேன். அவர் போர்டிலிருந்து முகத்தைத் திருப்பாமல், “எடுத்தாச்சு” என்றார். நான் பின்னறைக்குள் திரும்பி வந்து, கூண்டின் பக்கத்தில் நின்று தம்பியிடம், “எடுத்தாச்சாம்டா” என்றேன். இவ்வளவுதான் பேச்சு. நடையில் வேறு யாரும் இல்லை.

தம்பியின் பையில் டெஸ்டர் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. நான் சொன்ன பிறகு எதற்கு என்று நினைத்திருப்பான். இடது கையை இரும்பு மேசை மேல் ஊன்றி, குனிந்து, வலது கையில் கட்டிங் பிளேயரைப் பிடித்து வயரை வெட்டினான். பிளேயரின் கைப்பிடி உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அவன் சத்தம் போடவில்லை. கை வயரோடு இறுகிப்போய், தோள் மட்டும் உதறியது. முகம் என் பக்கம்தான் இருந்தது. நான் உடனே இடது கையால் சிவப்புப் பொத்தானை அடித்தேன். அதில் வயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அடித்தேன். அவன் விடுபடவில்லை என்றதும் மறுபடியும் அடித்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். கத்தியதும் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்தார். தம்பி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தான்.

எலக்ட்ரீஷியன் ஓடி வந்து அவனை இழுத்துக் கிடத்தி, மூச்சு இல்லாததைப் பார்த்து, நெஞ்சை அழுத்தியும் வாயோடு வாய் வைத்து ஊதியும் மூச்சைத் திரும்ப வரவழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிறுத்தவில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். மருத்துவமனையில் தம்பியின் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். அவன் இப்போது பேசுகிறான். நேற்று என்னிடம், “பெட்டிக்குள்ள கை போகக் கூடாதுன்னுதானே அவ்வளவும் செஞ்சோம்” என்று மட்டும் சொன்னான். இனி அவன் இழைப்புளி பிடிக்க முடியுமா என்று மருத்துவர் சொல்லவில்லை.

என் தம்பி மனைவி கொடுத்த புகாரின் பேரில் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து வைத்திருப்பதாக அறிந்தேன். “நான்தான் எடுத்தாச்சுன்னு சொன்னேன்” என்று அவர் ஒத்துக்கொண்டதாகவும், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை என்றும் இங்கே சொன்னார்கள். துண்டிக்காத வயரைத் துண்டித்ததாகச் சொல்லி, என் தம்பி அதை வெட்டக் காரணமானார் என்று ஆனால் அவர் உரிமமும் போகும், சிறைக்கும் போவார் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் நிலைய எழுத்தர் எனக்கு விளக்கினார். இன்று காலை மருத்துவமனை வராந்தாவில் தம்பி மனைவி என்னிடம் பேசினாள். அவள் சத்தமாகப் பேசவில்லை. “அண்ணி, நீங்க பொய் சொல்ல வேண்டாம். கூட ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். வெட்டலாமான்னு கேட்டோம், எடுத்தாச்சுன்னாரு. அவ்வளவுதான். உங்க தம்பி விரல் போனதுக்கு யாராவது பதில் சொல்லணும் இல்ல” என்றாள். அவள் அழுது முடித்திருந்தாள். அவள் சொன்னதில் ‘எடுத்தாச்சு’ என்றது உண்மை. ‘வெட்டலாமா’ என்று தம்பி என்னிடம் கேட்டான். நான் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

மின்சார வேலை செய்கிறவர்கள் ஓர் இடத்துக்குப் புதிதாக இணைப்புக் கொண்டுபோவதைத்தான் லைன் எடுப்பது என்பார்கள். எனக்கும் அது தெரியும். கடைப் பலகைக்கு லைன் எடுத்துக் கொடுங்கள் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று காலை மெஷினுக்கு லைன் எடுக்க வேண்டும் என்று கேட்டதும் நான்தான். அவர் எடுத்து முடித்து, கரண்ட் விட்டு, சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், லைன் எடுத்தாச்சா என்று கேட்டேன். எடுத்தாச்சு என்றார். ஹீட்டர் லைனை அகற்றியாச்சா என்பதுதான் என் மனதில் இருந்தது, ஆனால் ஹீட்டர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. எந்த லைன் என்று அவர் கேட்கவில்லை. ஹீட்டர் வயரைக் கடைசியில் தானே பிரிக்கப்போவதாக இருந்தார் என்பது சம்பவத்துக்குப் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

இதை எழுத்தர் எழுதிப் படித்துக் காட்டியபோது, “ஹீட்டர் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதா என்று நான் வினவியதற்கு, ஆம் என்று கூறினார்” என்று இருந்தது. அப்படி நான் வினவவில்லை, லைன் எடுத்தாச்சா என்றுதான் கேட்டேன் என்று சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதானம்மா. கோர்ட்டுக்குப் போற தாள்ல அப்படித்தான் எழுதுவோம்” என்றார். ஒன்று இல்லை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டு, லைன் எடுத்தாச்சா என்று ஒருவர் கேட்டால் உனக்கு என்ன புரியும் என்று கேட்டார். காவலர் கொஞ்சம் யோசித்து, “கரண்ட் குடுத்தாச்சான்னு கேக்கறாங்க சார். நம்ம ஸ்டேஷன் பின்பக்க ரூமுக்குக்கூட இன்னும் எடுக்கலையே” என்றார். எழுத்தர் முன்பு எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, நான் கேட்ட சொல்லை நான் கேட்டபடியே மேலே எழுதினார். அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் நானும் அவரும் சுருக்கொப்பம் வைத்திருக்கிறோம்.

இப்படி எழுதினால் கேள்வி என் பக்கம் திரும்பும் என்று எழுத்தர் எச்சரித்தார். புரிந்துதான் சொல்கிறேன். என் தம்பி மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் பார்த்தவையும் கேட்டவையும் பேசியவையுமே. இப்போது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் பேசிய சொற்கள் பேசியபடியே இருக்கின்றன. சரியென ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. அடித்தல் திருத்தம் ஒன்று.
(நிலைய எழுத்தர்)