கிராணி வீட்டு ஜாம் போத்தல்களின் மெழுகை அழுத்தியது பற்றி

பெயர் அமிர்தலிங்கம், தகப்பனார் பெயர் ரெங்கசாமி, வயது 51, தொழில் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி, விலாசம் கிராணி வீடு, பிரேமோர் தோட்டம், கேமரன் மலை, பகாங். 1983 டிசம்பர் 14, புதன்கிழமை காலை தானா ராத்தா போலீஸ் நிலையத்தில் நான் தமிழில் சொல்ல, கார்ப்பரல் காளிமுத்து எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி ரஞ்சிதத்துடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. கிராணி வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேறு வீடோ நிலமோ எங்களுக்குக் கிடையாது.

புகார் கொடுத்திருக்கும் தங்கராஜு என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சிறு வயதிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனைப் படிக்கவைத்ததும், படிப்பு ஏறாதபோது அப்போது மானேஜராக இருந்த துரையிடம் சொல்லித் தோட்டத்து லோரியில் டிரைவராகச் சேர்த்ததும் நான். அவனுடைய கல்யாணப் பத்திரிகையில் என் மனைவியின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று கார்ப்பரல் சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

ஜாம் செய்யும் விவரம் கேட்டதற்குச் சொல்கிறேன். என் மனைவி முன்பு துரை பங்களா சமையற்கட்டில் வேலை செய்தவள். 1972ஆம் ஆண்டு துரைசானி அவளுக்கு ஸ்ட்ராபெரி ஜாமும், மரத்தக்காளியில் காடி, இஞ்சி, மிளகாய் சேர்த்துச் செய்யும் சட்னியும் காய்ச்சக் கற்றுக் கொடுத்தார். போத்தலை மூடும் வேலை அவளுக்குக் கைவரவில்லை. அதை நான் துரைசானியிடம் நேரில் கேட்டுப் படித்துக்கொண்டேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் காய்ச்சுவது அவள், மூடுவது நான். செய்த போத்தல்களைத் தோட்டத்து ஆபீஸ் ஸ்டாஃப் வீடுகளும், பிரிஞ்சாங்கில் சில கடைகளும் வாங்கின. அதற்குக் கிராணி வீட்டு ஜாம் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

மூடும் முறையாவது: கொதிக்கவைத்துக் காயவைத்த போத்தலில் ஜாமைச் சூடாக ஊற்றி, அதன் மேல் உருக்கிய வெள்ளை மெழுகை மெல்லியதாக ஒரு படலம் ஊற்ற வேண்டும். உடனே போத்தலைச் சாய்த்து மெதுவாகச் சுற்றினால் மெழுகு கண்ணாடியில் சற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும். அது வெளுத்து இறுகும்வரை காத்திருந்து, அதன் பிறகு இரண்டாம் படலம் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் எங்கள் மலைக்குளிருக்கு மெழுகு சட்டென்று சுருங்கி, ஓரத்தில் கண்ணாடியை விட்டுவிடும். அந்தச் சந்து வழியாகப் பாகு மேலே கசிந்து, காற்று பட்டு, உள்ளே பூசணம் பிடிக்கும். மேலே தகர மூடி போட்டிருப்பதால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஆகையால் நான் மூடிய போத்தல்களை இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்து, ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி மெழுகின் ஓரத்தில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ஒழுங்காகப் பிடித்த மெழுகு விரலுக்கு அசையாது. அசைந்தால் அந்தப் போத்தல் வீட்டை விட்டு வெளியே போகாது.

1981ஆம் ஆண்டு எனக்கு வயிற்றில் புண் வந்து ஈப்போவில் ஆபரேஷன் செய்தார்கள். நான் அங்கே படுத்திருந்த சமயத்தில் தங்கராஜு லோரி வேலையை விட்டுவிட்டுக் கியா பார்மில் சாலையோரமாக ஜாம், காய்கறி விற்கும் கடை போட்டான். நான் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் மனைவியிடம் கேட்டேன். அவள், "தம்பி பொழச்சுப் போகட்டுங்க. நமக்கென்ன புள்ளையா குட்டியா" என்றாள். சரக்கை எங்கேயோ கொடுத்துச் செய்து வாங்குகிறான் என்றும் சொன்னாள். நான் நம்பினேன். எனக்கு உடம்பு இடங்கொடுக்காததால் எங்கள் வீட்டில் ஜாம் காய்ச்சுவது அதோடு நின்றது என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். தினமும் மாலை நான்கு மணிக்கு நான் ஆபீசிலிருந்து வரும்போது அடுப்பில் பெரும்பாலும் கருவாடு வறுபட்டுக்கொண்டிருக்கும். அது எனக்கு ஆகாது என்று டாக்டர் விலக்கிய பண்டம். தனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல்லுவாள்.

இந்த மாதம் முதல் வாரத்தில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பாஞ்சாலை என்பவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து ஒரு ஜாம் போத்தலை நீட்டி, "கோவிச்சுக்காதீங்க கிராணியையா. புள்ளைங்களுக்கு ரொட்டில தடவலாம்னு கியா பார்ம்ல வாங்குனேன். தொறந்தா கள்ளுக்கட வாசம் வருது. எங்க வீட்டு ஆளுக்கு வேணும்னா ஊத்திக் கொடுக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்த சின்னக் கிராணி சிரித்தார். அது என் ஜாம் இல்லை என்று சொன்னேன். அதற்குப் பாஞ்சாலை, "கடைப் பலகையில கிராணி வீட்டு ஜாம்னு போட்டிருக்கே. நம்ம தோட்டத்துல எத்தன கிராணி ஜாம் போடுறாங்க" என்று கேட்டார். போத்தலைப் பார்த்தேன். மெழுகு ஒரே தடவையில் விரற்கடை கனத்துக்கு ஊற்றப்பட்டு, நடுவில் குழிந்து, ஓரம் விலகி, அடியில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. அந்தப் போத்தலை என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். இப்போது சாட்சிப் பொருளாகக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலை என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும், அவனைப் பார்த்தா கேக்குறேன்" என்றாள்.

அதன் பிறகு 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி அர்ச்சனைத் தட்டுடன் கிளம்பிப் போனாள். நான் பஸ் ஏறிக் கியா பார்முக்குப் போனேன். பள்ளி விடுமுறையானதால் அங்கே வெளியூர் ஆட்கள் கூட்டமாக இருந்தார்கள். தங்கராஜுவின் கடையில் பாஞ்சாலை சொன்ன பலகை மாட்டியிருந்தது. கடைக்குள்ளே என் மனைவி நின்று காகிதத்தில் போத்தல் சுற்றிக்கொண்டிருந்தாள். அர்ச்சனைத் தட்டு ஸ்ட்ராபெரிக் கூடைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினாள்.

நான் தங்கராஜுவிடம், என் பெயரை எதற்காகப் பலகையில் போட்டாய், மெழுகு ஊற்றத் தெரியாமல் ஏன் ஊருக்கு விற்கிறாய் என்று கேட்டேன். அவன், "ஒங்க பேரு எங்க இருக்கு மாமா? கிராணினு தான போட்டிருக்கு. நாட்டுல நீங்க ஒருத்தர்தான் கிராணியா" என்றான். அதன் பிறகு, "நானா மூடுறேன்? எல்லாம் அக்காதான். அதக் கேளுங்க. ஒங்க வீட்டு அடுப்புலதான் எல்லாம் நடக்குது, ஒங்களுக்குத்தான் தெரியல" என்றான்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. ஒரே தடவையில் ஊற்றினால் விட்டுப்போகும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தெரியாம என்ன. ரெண்டு தடவ ஊத்தி காயவச்சுக்கிட்டு இருந்தா நாலு மணிக்கு நீங்க வந்துருவீங்க. ஒங்களுக்குத் தெரியாம முடிக்கணும்னா நேரம் ஏது?"

கருவாடு எதற்காக வறுக்கப்பட்டது என்று எனக்கு அப்போது விளங்கியது.

அதன் பிறகு நான் அடுக்கிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தகர மூடியைத் திருகிக் கழற்றி, மெழுகின் ஓரத்தில் பெருவிரலால் அழுத்தினேன். மெழுகு சரிந்து பாகு வெளியே வந்தது. அதைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். இப்படி வரிசையாக எடுத்து அழுத்தினேன். எத்தனை என்று நான் எண்ணவில்லை. புகாரில் உள்ள கணக்கு தங்கராஜு சொன்ன கணக்கு. சட்னிப் போத்தல்களில் சில விரலுக்கு அசையவில்லை. அவற்றை மூடி போட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் போத்தல்களைத் தூக்கி ரோட்டில் எறிந்ததாகப் புகாரில் இருப்பது பொய். தங்கராஜு என் கையைப் பிடித்து இழுத்தபோது ஒரு போத்தல் நழுவி விழுந்து உடைந்தது. அந்த ஒன்றைத் தவிர எதுவும் உடையவில்லை. நான் அவனை அடிக்கவில்லை.

அந்த நேரம் கடை முன்னால் நின்ற சீனர் ஒருவர் என்ன தகராறு என்று மலாயில் கேட்டார். கெட்டுப்போன சரக்கு, வாங்காதீர்கள் என்று நான் சொன்னேன். என் மனைவி முன்னால் வந்து, இவர் என் புருஷன், ஆபரேஷன் ஆனதிலிருந்து தலை சரியில்லை, தயவுசெய்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னாள். அவள் குரல் நிதானமாக இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மகளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் எந்தப் போத்தலையும் தொடவில்லை. என் விரலில் ஒட்டியிருந்ததைத் துடைக்கத் துணி கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பிரிஞ்சாங் வரை நடந்து போனேன்.

நேற்று போலீசார் தோட்டத்து ஆபீசுக்கு வந்து மானேஜர் முன்னிலையில் என்னை விசாரித்தார்கள். கோர்ட்டில் குற்றம் நிரூபணமானால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் சுகவீனம் என்றால் லீவு கொடுத்து வேலையைக் காப்பாற்றலாம் என்று மானேஜர் சொன்னார். என் மனைவி நேற்றே இங்கே வாக்குமூலம் கொடுத்ததாகவும், நான் மனநிலை சரியில்லாமல் மருந்து சாப்பிடுகிறேன் என்பதற்கு அத்தாட்சியாக என் மாத்திரைப் புட்டியைக் கொடுத்திருப்பதாகவும் கார்ப்பரல் இன்று என்னிடம் சொல்லிப் புட்டியையும் காட்டினார். அவை வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரைகள். புட்டியை அவள் எடுத்து வந்துவிட்டதால் இரண்டு வேளையாக நான் சாப்பிடவில்லை.

புத்தி சரியில்லாத நேரத்தில் செய்துவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் தங்கராஜு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வான், போலீசார் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கும் அழுத்தாத போத்தல்களை அவன் எடுத்துப் போய் விற்றுக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். கார்ப்பரல் என்னிடம், "ஒரு வரிதான் அண்ணே. எழுதிட்டு வீட்டுக்குப் போலாம்லா. அக்காவும் வெளியதான் ஒக்காந்திருக்காங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் சொன்னதையும் எழுதச் சொன்னேன்.

அதற்கு என் பதில்: அந்த வரியை நான் எழுத முடியாது. மீதிப் போத்தல்களை யாருக்கும் கொடுக்காமல் சுகாதார இலாகாவுக்கு அனுப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வழக்கு நடந்து தண்டனையானால் வேலை போகும், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை மானேஜர் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில்தான் என் மனைவியும் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் யோசித்தே சொல்கிறேன். அவளைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டதற்கு, மாத்திரைப் புட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொன்னேன்.

இதுவே நடந்தது. எழுதியதைக் கார்ப்பரல் எனக்குப் படித்துக் காட்டினார்; நானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்; சொன்னபடியே இருக்கிறது. 11ஆம் தேதி கியா பார்மில் நான் செய்ததையும், இன்று இங்கே நான் சொன்னதையும், முழுப் புத்தித் தெளிவோடு, எவர் சொல்லுக்கும் இணங்காமல், என் சொந்த இஷ்டத்தின் பேரில்தான் செய்தேன், சொன்னேன்.

(ஒப்பம்) ரெ. அமிர்தலிங்கம்