இன்னும் மூணு பாகம்

– இதுல 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு போடறதா, 'கண்ணீரோடு கேட்டுக்கொள்கிறோம்'னு போடறதா? நீயே சொல்லுக்கா.

– எதையாவது போடுடா. முதல்ல காலை எடு, பட்டாணியை மிதிக்கிறே.

– நாலு வருஷம் அக்கா. வெள்ளிக்கிழமை ஆனா கண்ணாடிக்கடையை அரக்கப்பரக்கச் சாத்திட்டு ஓடி வந்திருக்கேன். ஒரு தடவை ஒருத்தர் கண்ணுல சொட்டு மருந்து விட்டு உட்கார வெச்சுட்டு, அவரை மறந்தே வந்துட்டேன். அப்படிப் பார்த்த 'கடைசிச் சுற்றுப்பாதை'யை, கதை அந்தரத்துல தொங்கும்போது, நிறுத்தப் போறோம்னு ரெண்டே வரியில சொல்லிட்டான் டிவிக்காரன். அநியாயமா இல்லையா?

– அந்த ராக்கெட் கதைதானே. ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு பொண்ணு படுத்திருக்குமே.

– ஃபிரிட்ஜ் இல்லக்கா. உறைநிலைக் கூடு. பொண்ணும் இல்ல, கேப்டன்.

– கேப்டன் ஆயிட்டா பொண்ணு இல்லன்னு ஆயிடுமா? ரெண்டு மாசமா உள்ளேயே கிடக்குது, பாவம். அவ்வளவு பெரிய கப்பல்ல கதவைத் திறந்துவிட ஒரு நாதி இல்ல.

– திறந்தா டாக்டருக்குப் போற ஆக்ஸிஜன் நின்னுடும். அதுதானே கதையே.

– என்னமோ போ. உங்க கூட்டத்துல வேற யாரும் கேக்கலையா? நீ ஒருத்தன்தான் மனு எழுதறியா?

– ஊர்ப்பட்ட பேர் இருக்கோம். நிறுத்தப் போறாங்கன்னு போன மாசம் பேச்சு அடிபட்டப்பவே, கேப்டன் உறைஞ்சு கிடக்கிறதை ஞாபகப்படுத்த, ஆளுக்கு ஒரு டப்பா ஐஸ்கட்டி டிவி ஆபீசுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணினோம்.

– அனுப்பினீங்களா?

– அனுப்பினோம். எல்லாம் வழியிலேயே உருகி, போய்ச் சேர்ந்தது ஈர அட்டைப்பெட்டிதான். வாசல்ல உட்கார்ந்திருக்கிற அம்மா போன் பண்ணி, கழுவின பாத்திரத்தைத் துடைக்காம அனுப்பியிருக்கீங்களான்னு கேட்டாங்களாம்.

– விளங்கிடும். மாடிப்படியில சத்தம் கேக்குது பாரு, உன் கூட்டாளி வந்தாச்சு. உள்ள வாம்மா, திறந்துதான் இருக்கு.

– என்னக்கா, சார் முகம் இப்படி இருக்கு? என்கிட்ட வண்டி பழகி முதல் டெஸ்டுல கோட்டை விட்டாரே, அன்னிக்குக்கூட இவ்வளவு வாடல.

– வாங்க டீச்சர். செய்தி பார்த்தீங்களா இல்லையா?

– பார்த்தேன் சார். ஓட்டிப் பழக வந்த பொண்ணை வண்டியை ஓரங்கட்டச் சொல்லிட்டு, போனையே வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். 'மேடம், யாராவது தவறிட்டாங்களா'ன்னு கேட்டுது.

– என்ன சொன்னீங்க?

– கேப்டன்னு சொன்னேன். 'பட்டாளத்துலயா மேடம்'னுது. ஆமான்னுட்டேன்.

– ஜாடிக்கேத்த மூடிதான் ரெண்டும். உட்காரு, நீயும் கொஞ்சம் பட்டாணி உரி.

– அந்த நேரத்துல என்ன போடப் போறான் தெரியுமா டீச்சர்? மல்யுத்தம். பக்கத்துச் சேனல்ல மல்யுத்தத்துக்குத்தான் கூட்டமாம், அதனால இவனும் போடறானாம். ரெண்டு மலை கட்டிப் புரளுது, அதுக்கு ஒரு கூட்டம். கணக்கு அப்படித்தான் சொல்லுதாம்.

– யார் வீட்டுல என்ன பார்க்கறாங்கன்னு அவனுக்கு எப்படிடா தெரியும்? எட்டிப் பார்க்கறானா?

– கிட்டத்தட்ட அதுதான். அங்கொண்ணும் இங்கொண்ணுமா சில வீட்டுல டிவிகிட்ட ஒரு பெட்டி வெச்சிருப்பான். அங்க என்ன ஓடுதுன்னு அது குறிச்சு அனுப்பிடும். அந்த ஒரு வீட்டுல பார்த்தா, பத்தாயிரம் வீட்டுல பார்த்த மாதிரி.

– ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.

– பதம் பார்த்த சோறு வேகாத சோறாப் போச்சேக்கா. பெட்டி வெச்சிருக்கிற ஒரே ஒரு ஆளை என் கண்ணுல காட்டட்டும்.

– காட்டினா என்ன பண்ணுவீங்க சார்?

– நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.

– அவங்களுக்கு என்ன கஷ்டமோ.

– என்ன டீச்சர் கஷ்டம்? டிவி முன்னால உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தற கஷ்டமா? வீட்டுல ஆளுக்கு ஒரு நம்பர் பட்டன். உட்கார்ந்ததும் அழுத்தணும், எழுந்தா அழுத்தணும். முடிஞ்சுது வேலை.

– அக்கா, பட்டாணி போதும்னு நினைக்கிறேன். உள்ள கொண்டுபோய் வெச்சுடட்டுமா?

– இரும்மா. டேய், அந்தப் பெட்டி கருப்பா, சோப்பு டப்பா அளவுல, ஓரத்துல சிவப்பா மினுக்குமா?

– நான் பார்த்ததில்லக்கா. வெச்சிருக்கிறவங்க வெளியில சொல்லவே கூடாது. நீ எங்க பார்த்தே?

– மாடியிலதான். போன வாரம் குழாய் ஒழுகுதுன்னு இவ வீட்டுக்குப் போனேனே. டிவிக்குக் கீழ இருந்துது. கொசு விரட்டற மெஷின் பகல்லயும் ஓடுதேன்னு அணைக்கப் போனேன். அதைத் தொடாதீங்கன்னு பறந்து வந்தா.

– டீச்சர்?

– பொறுமை சார், பொறுமை.

– டீச்சர், உங்க வீட்டுலயா?

– வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நான் இன்னிக்கும் சொல்லல. அக்காதான் சொன்னாங்க.

– எத்தனை நாளா?

– ரெண்டு வருஷம் இருக்கும்.

– ரெண்டு வருஷமா பத்தாயிரம் வீட்டை மடியில கட்டிக்கிட்டு, வெள்ளிக்கிழமை ஆனா எங்க வீட்டு சோபாவுல வந்து உட்கார்ந்திருக்கீங்க. இங்க பெட்டி இல்ல டீச்சர். இந்த டிவியில விடிய விடியப் பார்த்தாலும் விழலுக்கு இறைச்ச தண்ணிதான்.

– அப்பா இருக்காரே சார். உங்களுக்குத்தான் தெரியுமே. ரிமோட் அவர் கையிலதான். வெள்ளிக்கிழமை அவருக்கு மல்யுத்தம்.

– அப்போ அந்தக் கூட்டத்துல பத்தாயிரம் வீடு உங்க அப்பாவா?

– ஒரே ஆள்தான் சார். ஆனா சத்தம் போட்டுப் பார்ப்பார்.

– இதுக்குத்தான் சொன்னேன், ஆள் யாருன்னு தெரியாம வாயை விடாதேன்னு.

– நீ எப்பக்கா சொன்னே?

– மனசுக்குள்ள சொன்னேன்.

– சரி, ஒண்ணும் குடி முழுகிப் போகல. இன்னிக்குச் சேர்த்து இன்னும் மூணு பாகம் பாக்கி. இந்த மூணுக்கும் பார்க்கற ஆள் ஏறினா மறுபடி யோசிக்கிறோம்னு டிவிக்காரனே சொல்லியிருக்கான். நான் மேல போறேன்.

– எதுக்கு சார்?

– உங்க அப்பா கால்ல விழ. மூணே மூணு வெள்ளிக்கிழமை கீழ வாங்க, எங்க டிவியில உங்க இஷ்டத்துக்கு மல்யுத்தம் பாருங்க, அக்கா பேச்சுத் துணைக்கு இருப்பான்னு சொல்லி...

– நானா?

– உனக்கும் பட்டாணி உரிக்க ஒரு ஆள் ஆச்சு. டீச்சரும் நானும் மேல உட்கார்ந்து தொடரைப் பார்த்துடறோம். என் செருப்பு எங்க?

– வேண்டாம் சார். அப்பா தூங்கியிருப்பார்.

– மல்யுத்தம் ஓடும்போதா?

– அவருக்குக் காது கேக்காது.

– சத்தம் போட்டுப் பார்ப்பார்னீங்களே.

– காது கேக்காததாலதான் சத்தம்.

– டேய், செருப்பைக் கழட்டு. ஏம்மா, நீயும் எவ்வளவு தூரம்தான் ரிவர்ஸ்லயே ஓட்டுவே? சொல்லித் தொலைச்சிடு.

– அக்கா, உங்களுக்குத் தெரியுமா?

– பொழுதன்னிக்கும் வீட்டுல இருக்கிறவ நான். மேல ஒரு ஆள் நடக்கிற சத்தமும் ரெண்டு ஆள் நடக்கிற சத்தமும் எனக்கு ஒண்ணாவா கேக்கும்?

– என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?

– அப்பா மேல இல்ல சார். மழைக்காலம் ஆரம்பிச்சப்பவே அண்ணன் வீட்டுக்குப் போயிட்டார். அவரால படி ஏற முடியல.

– நேத்துகூட அப்பா எப்படி இருக்கார்னு கேட்டேனே. நல்லா இருக்கார்னு சொன்னீங்க.

– நல்லாத்தான் இருக்கார். அண்ணன் வீட்டுல.

– அப்போ வெள்ளிக்கிழமை உங்க டிவியில என்ன ஓடுது?

– ஒண்ணும் ஓடல. அணைச்சுப் பூட்டிட்டு வருவேன்.

– எனக்குப் புரியல. ரிமோட் உங்க கையில. டிவி எங்களோடதைவிடப் பெருசு. பெட்டியும் இருக்கு. ஒரு ஆள் உட்கார்ந்து பட்டனை அழுத்தியிருந்தா... தொடர் ஆட்டம் கண்டுக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?

– தெரியும் சார்.

– தெரிஞ்சும் படி இறங்கி இங்க வந்தீங்க.

– வந்தேன்.

– ஏன்?

– கடவுளே. ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றான், இவன் கண்ணை யார் டெஸ்ட் பண்றது? முதல் வரிசைப் பெரிய எழுத்தே தெரியலையேம்மா இவனுக்கு. நான் உள்ள போறேன். அடுப்புல வேலை இருக்கு.

– அக்கா ஏன் கோபமாப் போறா?

– கோபம் இல்ல சார். உட்காருங்க, சொல்றேன். அப்பா போன முதல் வெள்ளிக்கிழமை மேலயே பார்க்கலாம்னுதான் உட்கார்ந்தேன். பட்டனைக்கூட அழுத்தினேன். டாக்டர்கிட்ட அந்த ரோபோ முதல் தடவையா பொய் சொல்லுச்சே, அந்தப் பாகம். நீங்களா இருந்தா 'பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்'னு குதிப்பீங்க. மேல அதைச் சொல்ல ஆள் இல்ல. கப்பல்ல தீப்பிடிச்சுது, எனக்கு ஒண்ணுமே தோணல. யாரோ யாருக்கோ நடிக்கிற மாதிரி இருந்துது. அணைச்சுட்டு இறங்கி வந்துட்டேன்.

– அன்னிக்கு லேட்டா வந்தீங்க. ஏன்னு கேட்டேன்.

– அப்பா விடலைன்னு சொன்னேன். வாய் தவறி வந்த பொய் சார். அப்புறம் பிரேக் பிடிக்கல.

– ஆனா நான் அனுப்பின மனு எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டீங்களே.

– மனசாரத்தான் போட்டேன். தொடர் எனக்கும் வேணும். அது நின்னுட்டா, வெள்ளிக்கிழமை நான் எதைச் சாக்கு சொல்லிக்கிட்டுக் கீழ வருவேன்?

– நான் எதையும் கவனிக்கவே இல்ல டீச்சர்.

– நீங்க டிவியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

– டிவியை மட்டும்தான் பார்த்தேன்னு சொன்னா அது பொய். வெள்ளிக்கிழமை மட்டும் கடையில இருக்கிறதுலயே நல்ல ஃபிரேமா எடுத்து மாட்டிட்டு வருவேன். நீங்க ஒரு தடவைகூட கேக்கல.

– கேக்கலதான். ஆனா எல்லாம் தெரியும். அந்த நீலம் மட்டும் இனிமே வேண்டாம் சார். பழுப்புதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு.

– நீலம் விலை அதிகம்.

– இருக்கட்டும்.

– டீச்சர், தொடர் ஆரம்பிக்கப் போகுது. மேல போயிடலாமா? தொடருக்காகத்தான் சொல்றேன். தொடருக்காகவும்னு வெச்சுக்கோங்க.

– வாங்க. படியில லைட் எரியல, பார்த்து.

– அக்கா, நான் மாடிக்குப் போறேன்.

– போய்ச் சேரு. நான் எனக்கு மட்டும் தட்டு வெச்சுக்கிறேன்.

– கைப்பிடி ஆடுது டீச்சர்.

– அப்பா பிடிச்சுப் பிடிச்சுத் தளர்ந்து போச்சு. இந்தப் பக்கம் வாங்க. இருங்க, பூட்டைத் திறக்கறேன்.

– இதுதானா அந்தப் பெட்டி? நான் என்னமோன்னு நினைச்சேன். அக்கா சொன்னது சரிதான், கொசு மெஷின் மாதிரிதான் இருக்கு. ரெண்டு பேர் பார்க்கறோம்னு இதுக்கு எப்படித் தெரியும்? நான் இந்த வீட்டு ஆள் இல்லையே.

– விருந்தாளிக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தி வயசைப் போட்டா போதும்.

– வயசு நாப்பத்தி ஒண்ணு. ஆரம்பப் பாட்டு வந்துடுச்சு டீச்சர், சீக்கிரம். விருந்தாளிப் பட்டன் எது, இதுவா?

– அதுதான். ஆனா விருந்தாளின்னு போட்டா இன்னிக்கு ஒரு நாளோட சரி. ஒண்ணாம் நம்பர் நான், ரெண்டாம் நம்பர் அப்பா, மூணாம் நம்பர்ல மட்டும் இதுவரைக்கும் யார் பேரையும் பதியல. அது வீட்டு ஆளுக்கு. யோசிச்சு அழுத்துங்க.