காற்றிலும் சாகாத நீலம்

வாக்குமூலம் அளிக்கும் எனக்கு வயது நாற்பத்தேழு. பொருளறிவியல் ஆராய்ச்சியாளர். பெயரும் முகவரியும் முதல் தாளில் கொடுத்திருக்கிறேன். என் அக்காள் கணவரும் நானும் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே ஆய்வகத்தில் இருக்கிறோம். மின்சாரம் பாய்ச்சினால் ஒளிரும் பிளாஸ்டிக் படலம் செய்வது எங்கள் வேலை. சிவப்பும் பச்சையும் நீடித்து எரியும். நீலம் சீக்கிரம் மங்கிவிடும். என் இளமையெல்லாம் அந்த நீலத்தின் பின்னால்தான் போனது. கல்யாணம் எப்போது என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

சென்ற ஆண்டு அத்தான் செய்த ஒரு நீலப் படலம் மங்காமல் எரியத் தொடங்கியது. அதை நம்பி, தொலைக்காட்சித் திரை செய்யும் ஒரு தொழிற்சாலை எங்களுடன் ஒப்பந்தம் போட்டது. காற்றுப் பட்டால் படலம் கெட்டுவிடும் என்பதால், நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைகளில் கைவிட்டுத்தான் வேலை செய்வோம். ஒருவர் வைத்ததை இன்னொருவர் தொடுவதில்லை. நீலத்தின் அளவீடுகளையும் அத்தானே எடுத்துத் தருவார். நான் வெளியிலிருந்து பார்த்துப் பூரித்ததோடு சரி.

நேற்றுக் காலை நான் போனபோது ஒரு கையுறை கிழிந்து, பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தது. என் படலங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அத்தானுடைய நீலம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே அவருக்கு ஃபோன் செய்து, காற்றிலும் சாகவில்லை என்று சொன்னேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா? நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதே" என்றார்.

அந்தக் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நின்றேன். அதன் பிறகு படலத்தைத் தாங்கும் சட்டத்தின் அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே, பொம்மைக் காரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன நீல விளக்கு ஒட்டியிருந்தது. கம்பிகள் அதற்குத்தான் போயின. படலத்துக்கு மின்சாரமே இல்லை. தரையில் உட்கார்ந்தவள் அவர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அத்தான் வந்தார். கொஞ்ச நாள் சமாளிக்கத்தான் வைத்ததாகவும், உண்மையான நீலம் கிடைத்ததும் மாற்றிவிட நினைத்ததாகவும் சொன்னார். தொழிற்சாலையிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வீட்டில் பேசுவது போலவே பேசினார்.

"தாராளமா சொல்லு. கட்டுரை, காப்புரிமை எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்கு. ஒப்பந்தத்துல கையெழுத்தும் உன்னோடது. என் பேரு எங்கேயும் இல்ல. மச்சினிக்கு விட்டுக்கொடுக்கிறேன்னு எல்லாரும் என்னை மெச்சினாங்க."

நானும்தான் மெச்சியிருந்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

புகார் யார் மீது என்று காவல் ஆய்வாளர் கேட்டார். காகிதம் எல்லாம் என்னைத்தான் காட்டும் என்பதால், என் பெயரை முதலில் எழுதிக்கொண்டு அத்தான் பெயரை அடுத்து எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(கையொப்பம்)