சிகாகோவுக்குப் போனவன்

– உள்ள வரலாமா, இல்ல பெரிய பாட்டுக்காரர் ஆயிட்டீங்கன்னு சீட்டு எழுதி அனுப்பணுமா?

– யாரு... அர்ஸுலாக்காவா? ஐயோ, வாங்க, உக்காருங்க. அந்த கிட்டார் பெட்டியை... இருங்க, நானே தள்ளி வெக்கிறேன்.

– திரை இடுக்குல எதுக்குடா எட்டி எட்டிப் பாக்குற?

– மேடை ஏறுறதுக்கு முன்னாடி எப்பவும் அப்படித்தான்.

– நாப்பது வருஷமா ஏறுற. லண்டன்லயும் பாரிஸ்லயும் உன் ப்ளூஸ் பாட்டைக் கேட்டு எழுந்து நின்னு கைதட்டினாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

– பயம் போகலையே... மீன் வறுவல் இருக்கு, சாப்புடுறீங்களா?

– திங்க வரல. இன்னைக்கு என் தம்பி கதையைச் சொல்லுவியா?

– வெர்டெல் கதையா... அது இல்லாம என்னை எறங்க விடமாட்டாங்களே. பாதிப் பேரு பாட்டுக்கா வர்றாங்க? அதுக்குத்தான் வர்றாங்க.

– எனக்கு ஒருதரம் சொல்லு.

– இப்பவா? பத்து நிமிஷத்துல கூப்பிட்டுடுவாங்க அக்கா.

– பத்து நிமிஷம் போதும். சொல்லு.

– என்னத்தச் சொல்ல... நானும் அவனும் கிரீன்வில் ஊர்ல வாசிச்சுட்டு வர்றோம். இந்தப் பருத்திக்காட்டுல இனி ஒரு நாள் இருக்கமாட்டேன்னான். நானே பஸ் ஏத்திவிட்டேன். ஒரு பொண்ணு பின்னாடி சிகாகோவுக்குப் போனவன், கிட்டாரை மறந்துட்டான், கோழிப் பொட்டலத்தை மட்டும் மறக்கல... இந்த எடத்துல எல்லாரும் சிரிப்பாங்க.

– நல்லாத்தான் சொல்ற. புது ரெக்கார்டுல இன்னொண்ணு சேத்திருக்கியே.

– எது?

– வெறுங்காலோட பஸ் ஏறினான்னு.

– அது... சும்மா, சிரிப்புக்கு. கதைன்னா வருஷத்துக்கு ஒண்ணு கூடத்தானே செய்யும்.

– மெம்பிஸ்ல வாங்கின ஷூ. போட்டு நாலு நாள்கூட ஆகல. ரெண்டையும் சேத்து வெச்சு, உள்ள காலுறையைச் சுருட்டி வெச்சிருந்தான்.

– ...உங்களுக்கு எப்படி...

– மறுநாள் காலையில ஆத்தங்கரையில நான்தான் எடுத்தேன். அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு புதைச்சேன். அவன் அதைக் கழட்டினது எனக்கு மட்டும்தான் தெரியும்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்டா.

– அக்கா, கொஞ்சம் மெதுவா... வெளியில ஆளுங்க...

– நீ அங்க இருந்தியா, ஓஸெல்?

– இருந்தேன். ராத்திரியில ரெண்டு கறுப்புப் பசங்க தனியா வர்றாங்கன்னு வெள்ளைக்காரனுங்க வண்டி எங்களைத் துரத்திக்கிட்டே வந்துது. ஆத்தைத் தாண்டிடலாம்னான். புது ஷூ நனையக்கூடாதாம்... அந்த நேரத்துலயும் கழட்டி வெச்சான் அக்கா, பைத்தியக்காரன். நீ முன்னால போன்னு சொல்லிட்டு நான் நாணலுக்குள்ள படுத்துட்டேன்.

– அப்புறம்?

– நடு ஆத்துல இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை. வண்டி கரைமேலதான் நிக்குது... எனக்குப் பத்தொம்பது வயசு அக்கா. வாயைத் திறக்கல.

– வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பஸ் கதை சொன்ன.

– அவங்க முகத்தைப் பாத்ததும் வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் நிறுத்தவே முடியல. அந்தக் கதையை வெச்சுத்தானே ஊர் ஊரா கூப்பிட்டாங்க...

– அம்மாவைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். இனி அந்தப் பொய் யாருக்கும் வேணாம். இன்னைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லு. முன் வரிசையிலதான் உக்காந்திருப்பேன்.

– முடியாதுக்கா. பயமா இருக்கு.

– யாரைப் பாத்து? அந்த வண்டிக்காரனுங்க எல்லாம் மண்ணோட மண்ணாயிட்டானுங்க.

– வெர்டெலைப் பாத்து.

– என்னடா சொல்ற?

– எந்த ஊர் மேடை ஏறினாலும் மொதல்ல ஒவ்வொரு முகமா தேடுவேன். இன்னைக்கு வந்து நிப்பான், ஏன்டா கொரல் குடுக்கலன்னு எல்லார் முன்னாடியும் கேப்பான்னு...

– செத்தவன் எப்படிடா வருவான்?

– சாகல அக்கா! நீந்திக் கரை சேந்துட்டான். கிறிஸ்துமஸ் தவறாம சிகாகோல இருந்து கடுதாசி வந்துதே... அம்மாவே என்கிட்ட எடுத்துக் காட்டினாங்களே, பிரிச்சுப் பிரிச்சு மடிப்பெல்லாம் கிழிஞ்சுபோய்... வந்துதா இல்லையா? நீங்களே சொல்லுங்க!

– அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா, ஓஸெல். அத்தனையும் எழுதினதும் நான்தான், படிச்சுக் காட்டினதும் நான்தான்.